ஒரு மணி மட்டும்

ஞானமுத்து ஐயர் வீடு சந்திக்க வந்தபோது
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
பகல் பதினொன்று.
கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்த்து
சுகமில்லையா என்றார்.
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவப் போகிறேன், ஐயா,
ராத்திரி வேலை என்றேன்.
டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:
ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது, லேயாள்?

நல்லா இருக்குங்க என்றேன்.
திரிந்த பாலை
நல்ல பால் என்று ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

முன்பெல்லாம் விடிகாலை நாலரைக்கு
முழங்காலில் நிற்பேன்.
சமையற்கட்டுத் தரை சில்லிடும்.
பெயர் பெயராகச் சொல்லி முடிக்க
முக்கால் மணி நேரம் ஆகும்.
இப்போது அந்த நாலரைக்கு
முழங்கால் வரை சேறு,
ரப்பர் பூட்சுக்குள் தண்ணீர்.
மிஷின் உருளை கடகடவென்று சுற்றுகிறது.
மண்ணோடு உள்ளே போவது
ஆரஞ்சாய் வெளியே விழுகிறது.
பிரசங்கத்துக்கு ஆகும் உவமை.
எனக்கு அது
மூட்டைக்கு இவ்வளவு என்கிற கூலி.

ஜெபிக்காமல் இல்லை. தொடங்குவேன்.
ஆண்டவரே, என் மகன் —
அதற்குள் மாதியக்கா
தார்ப்பாய் நுனியைப் பிடிக்கச் சொல்வாள்.
ஆண்டவரே, என் —
எடை போடுகிற பையன்
கணக்கில் ஒரு மூட்டையை விழுங்குவான்.
அவனிடம் நான் பேசிய பேச்சை
ஐயர் கேட்டிருந்தால்
அந்த டீயைக் குடித்திருக்க மாட்டார்.

மூன்றிலிருந்து நாலு வரை
விரல்கள் என்னுடையவை இல்லை.
அந்த ஒரு மணி நேரம், உண்மையைச் சொன்னால்,
நான் கடவுளை நினைப்பதே இல்லை.
வெந்நீரை நினைக்கிறேன்.

ஒபேத் திருப்பூரில் இருக்கிறான்.
பனியன் கம்பெனியில் அவனுக்கும் ராத்திரிதான்.
ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும்
ஒரு மிஸ்டு கால்.
ஒரு மணி அடிக்கும், நின்றுவிடும்.
வந்துட்டேன் என்று அர்த்தம்.
காசை மிச்சம் பிடிக்கத் தொடங்கினது அது.
இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே காசு.
ஆனாலும் ஒரு மணி மட்டும்.
பேசினால் கேள்வி கேட்பேன் என்று
அவனுக்குத் தெரியும்.
ஸ்வெட்டருக்கும் ரவிக்கைக்கும் நடுவில்
ஒரு தரம் அதிரும்.
எனக்கும் அது போதும்.

ஜனவரியில், உறைபனியில் புல் வெளுத்துக் கிடந்த ஒரு ராத்திரி
நாலு மணிக்கு அது அதிரவில்லை.
நாலேகாலுக்கும்.
மேட்டுப்பாளையம் லாரி புறப்பட்டுப் போனது.
ஈரக் கையைத் துடைத்துத் துடைத்துப் போனைப் பார்த்தேன்.
டவர் இருந்தது. சார்ஜ் இருந்தது.
நானே கூப்பிட்டால்
அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றாள் ஒருத்தி,
வாழ்நாளில் சண்டையே போடாத குரலில்.

முதலில் கோபம் வந்தது.
பிறகு அதுவும் போய்விட்டது.
ஒரு மணி போதும்டா.
பேச வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம்,
சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டாம்.
இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

அப்போதுதான்,
கையில் ஒடிந்த கேரட் ஒன்றோடு நிற்கையில்,
ஐயரின் கேள்வி நினைவுக்கு வந்தது.
மூன்றிலிருந்து நாலு வரை
அங்கே யார்
கையைத் துடைத்துத் துடைத்துப்
பார்த்துக்கொண்டிருப்பார்?

ஐந்தே முக்காலுக்கு அதிர்ந்தது.
ரூமில் கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை —
அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.
ஒரு மணி. நின்றது.
நான் அழவில்லை.
மாதியக்காதான் அழுதாள்.
அவள் பையன் எங்கிருந்தும் கூப்பிடுவதில்லை.

இன்றைக்கு மூன்றேகால்.
விரல்கள் போய்விட்டன.
உருளை சுற்றுகிறது.
பெயர் பெயராகச் சொல்ல நேரமில்லை,
உதடும் விறைத்துக் கிடக்கிறது.
அப்பா என்றேன்,
ஒரே தரம்.
கட் பண்ணிவிட்டேன்.
அடுத்த மூட்டை வந்துவிட்டது.